துணைநொதி மாத்திரைகள்: யாருக்குப் பயன், எவ்வளவு பயன்?

"உடம்பில் தெம்பே இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு இன்று டாக்டர் சீட்டு மூலமாகவும், சீட்டு இல்லாமலும் மருந்துக் கடையில் கிடைப்பது கோஎன்சைம் க்யூ10 என்ற துணைநொதி (நொதிகள் வேலை செய்யக் கைகொடுக்கும் சிறு மூலக்கூறு). பெரும்பாலும் எண்ணெய் அடைத்த மெத்தென்ற கேப்சூல். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எல்-கார்னிடைன், லைகோபீன், செலினியம், துத்தநாகம் என்று கூடவே நாலைந்து சரக்குகள் பொடி எழுத்தில் இருக்கும். அங்கேயே "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று பொருள்படும் வரி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நியூட்ராசூட்டிக்கல் என்ற பிரிவில் விற்கப்படும் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கும் வரி அது. ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் மருத்துவப் பயனுக்காகத்தான் வாங்குகிறார்கள். இதயம் பலவீனமானவர், குழந்தைப்பேற்றுக்குச் சிகிச்சை எடுக்கும் தம்பதி, கொலஸ்ட்ரால் மாத்திரையால் தொடை வலிக்கிறது என்பவர், காரணம் தெரியாமல் களைப்பாக இருப்பவர் என எல்லோருக்கும் அதே கேப்சூல்தான்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பொருளை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. துணைநொதி உடம்பில் உண்மையிலேயே குறைந்து, அந்தக் குறைவு நோயில் பங்கு வகிக்கும் இடத்தில் மாத்திரை வேலை செய்கிறது. சில சமயம் உயிரையே காக்கிறது. குறைவு இல்லாத உடம்பில் அதே பொருளைக் கூடுதலாகக் கொட்டினால் ஆற்றல் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் மிகவும் மெலிவு.

முதலில் இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிட்ட சோறும் பருப்பும் செரித்து, கடைசியில் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வந்து சேருகின்றன. உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனைச் சேருகின்றன. வழியில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும்போது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. உருவாகிறது. முதல் இரண்டு தொகுதிகளிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கி மூன்றாவதிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது க்யூ10. சவ்வின் கொழுப்பு அடுக்குக்குள்ளேயே அது நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதயத்தைச் சொன்னால் போதும். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இந்தத் தசை ஒரு நாளில் சுமார் 6 கிலோ ஏ.டி.பி.யை உண்டாக்கிச் செலவழிக்கிறது. கையிருப்பு சில துடிப்புகளுக்கு மேல் தாங்காது. உற்பத்தி தடைபட்டால் துடிப்பு தளரும்.

1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் கிரேன் குழுவினர் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலில் மார்ட்டன் குழுவினரும் இதே பொருளை வேறு வழியில் எட்டியிருந்தார்கள். எங்கும் காணப்படுவதால் அதற்கு யுபிகுவினோன் என்று பெயரிட்டார்கள். 1958-இல் மெர்க் நிறுவனத்தின் கார்ல் ஃபோக்கர்ஸ் அதன் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்தார். செல் எப்படி ஏ.டி.பி.யை உருவாக்குகிறது என்ற கொள்கைக்காக பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய விளக்கத்தில் க்யூ10-க்கு மையமான இடம் உண்டு.

துணைநொதிக் குறைவு என்றால் என்ன என்பதை நம் ஊர்ப் பக்கமே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. ஆலையில் தீட்டிய பச்சரிசியே உணவாக இருந்த வட சர்க்கார் (ஆந்திரக் கடலோர) மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அந்த தயமின்தான் உடம்பில் ஒரு துணைநொதியாக மாறி, மாவுச்சத்திலிருந்து ஆற்றல் எடுக்கும் பாதையின் வாசலைத் திறக்கிறது. அது இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும், இதயம் வீங்கும். கொடுத்தால் பல நோயாளிகள் சில நாள்களிலேயே தேறிவிடுவார்கள். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தெலங்கானாவின் சோளம் உண்ணும் மக்களிடையே பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோயை ஆராய்ந்தார். அங்கே பிரச்சினை நியாசின். உடம்பில் அது என்.ஏ.டி. என்ற துணைநொதியாகிறது.

இந்த வைட்டமின்களிலிருந்து க்யூ10 ஓர் அடிப்படையான விதத்தில் மாறுபடுகிறது. தயமினையும் நியாசினையும் உணவில்தான் பெற வேண்டும் (நியாசினை ஓரளவு டிரிப்டோபேனிலிருந்து உடம்பு செய்துகொள்ளும்). க்யூ10-ஐயோ உடம்பின் ஒவ்வொரு செல்லும் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து கிடைப்பது ஒரு நாளைக்கு 3 முதல் 6 மி.கி. வரைதான், மத்தி மீன், இறைச்சி, நிலக்கடலை, சோயா எண்ணெய் ஆகியவை நல்ல மூலங்கள். 100 மி.கி. கேப்சூல் என்பது சாப்பாட்டில் கிடைப்பதைப் போல இருபது முப்பது மடங்கு. ஆகவே "உணவில் குறைகிறது, அதனால் மாத்திரை" என்ற வாதம் இங்கே எடுபடாது. கேட்க வேண்டியது, உடம்பின் சொந்த உற்பத்தி யாருக்குக் குறைகிறது என்பதைத்தான்.

முதலில் பிறவியிலேயே குறைந்தவர்கள். தசைப் பலவீனமும் வலிப்பும் இருந்த இரு சகோதரிகளிடம் இந்தக் குறைபாடு 1989-இல் விவரிக்கப்பட்டது. பிறகு இதைத் தயாரிக்கும் பாதையில் பல மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சில பழுதானால் குழந்தைக்குச் சிறுநீரில் புரதம் கொட்டும். ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்காது. அந்த நிலையில் மரபணுப் பரிசோதனை செய்து, உடம்பு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 5 முதல் 50 மி.கி. வரை க்யூ10-ஐச் சீக்கிரமே தொடங்கினால், சில குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கும் தமிழ்நாட்டில், ஸ்டீராய்டுக்கு அடங்காத சிறுநீரக நோயுள்ள குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தக் குறைபாடாக இருக்குமோ என்ற எண்ணம் தோன்றியே ஆக வேண்டும். மாத்திரையின் பயன் ஐயத்துக்கு இடமில்லாத இடம் இது. நோயாளிகளோ மிகச் சிலர்.

இரண்டாவது இதயச் செயலிழப்பு. இங்கேதான் கேள்வி உண்மையாகவே கனமானது. நோய் முற்றிய இதயத் தசையின் துணுக்கில் க்யூ10 அளவு குறைந்திருப்பதை 1980-களிலேயே ஃபோக்கர்ஸ் குழுவினர் காட்டினார்கள். ஜப்பான் அதற்கும் முன்னரே, 1974-இல், இதயச் செயலிழப்புக்கு இதை மருந்தாக அனுமதித்துவிட்டது. பெரிய சோதனை வர நாற்பது ஆண்டு ஆயிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன் தலைமையில் நடந்து 2014-இல் வெளியான கியூ-சிம்பையோ சோதனையில் 420 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். வழக்கமான மருந்துகளோடு தினம் மூன்று வேளை 100 மி.கி., அல்லது அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை, இரண்டு ஆண்டுகள். முதல் 16 வாரங்களில் மூச்சுத்திணறலிலோ நடக்கும் தூரத்திலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் பெரிய இதயச் சிக்கல்கள் மருந்து எடுத்தவர்களில் 15 சதவீதம், எடுக்காதவர்களில் 26 சதவீதம். இறப்பு 10 சதவீதமும் 18 சதவீதமும்.

இந்த எண்களைப் படிக்கும்போது மனம் துள்ளும். ஒரு மருந்து நிறுவனத்தின் புதிய மருந்துக்கு இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் மறு மாதமே பல்லாயிரம் பேரைக் கொண்டு அடுத்த சோதனை தொடங்கியிருக்கும். ஆனால் 420 பேர் என்பது இறப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது. ஆள் சேர்ப்பு மந்தமாகவே நடந்தது. இன்று இதயச் செயலிழப்புக்கு வழங்கப்படும் சாகுபிட்ரில், எஸ்.ஜி.எல்.டி.-2 வகை மருந்துகள் எதுவும் அந்த நோயாளிகளிடம் இல்லை. அவற்றோடு சேர்த்தாலும் க்யூ10 அதே பயனைத் தருமா என்பதை அந்த ஆய்வு சொல்ல முடியாது. 11 ஆய்வுகளையும் 1,573 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைய வாய்ப்பிருக்கிறது என்றது. உறுதியான முடிவுக்கு வர இன்னும் ஆய்வு வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2022 வழிகாட்டி, குறிப்பிட்ட குறைபாட்டைச் சரிசெய்வதற்குத் தவிர ஊட்டச் சேர்க்கைகளைப் பரிந்துரைக்கவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். இதயச் செயலிழப்புக்கு இன்று முறையாகப் பரிந்துரைக்கப்படும் நான்கு வகை மருந்துகளையும் எடுத்துக்கொண்டிருப்பவர், இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு இதையும் சேர்த்துக்கொண்டால் அதில் தவறு காண மாட்டேன். அந்த மருந்துகளில் ஒன்றை வாங்கப் பணமில்லாமல் விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் இதை வாங்குவது ஆபத்து. மருந்துகளில் எது முதலில் என்ற வரிசையைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். மருத்துவர் சொல்லியாக வேண்டும்.

சுவீடனில் இன்னொரு சோதனை நடந்தது. கின்டா என்ற சிறிய நகராட்சியில் 70 முதல் 88 வயது வரை உள்ள 443 முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உர்பான் அலெஹாகன் குழுவினர் நான்கு ஆண்டுகள் 200 மி.கி. க்யூ10-உம் 200 மைக்ரோகிராம் செலினியமும் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான முடிவில் இதய நோய் இறப்பு வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12.6 சதவீதம், இவற்றை எடுத்தவர்களில் 5.9 சதவீதம். இதைக் காட்டித்தான் "வயதானவர்கள் எல்லோரும் எடுங்கள்" என்கிறார்கள். ஆனால் சுவீடனின் மண்ணில் செலினியம் குறைவு. அந்த முதியவர்களின் இரத்தத்திலும் குறைவாகவே இருந்தது. பயன் வந்தது க்யூ10-ஆலா, செலினியத்தாலா, இரண்டும் சேர்ந்ததாலா? இரண்டையும் ஒன்றாகக் கொடுத்த சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது. செலினியம் போதிய அளவில் உள்ள ஊருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

மூன்றாவது கூட்டம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். கொலஸ்ட்ராலும் க்யூ10-உம் உடம்பில் ஒரே பாதையில் தயாராகின்றன. ஸ்டாட்டின் அந்தப் பாதையைத் தொடக்கத்திலேயே மறிக்கிறது. எனவே க்யூ10-உம் குறையும், அதனால்தான் தசை வலி, அதைத் திருப்பிக் கொடுத்தால் வலி போகும் என்பது கேட்பதற்கு மிகப் பொருத்தமான விளக்கம். 1990-இல் மெர்க் நிறுவனமே ஸ்டாட்டினையும் க்யூ10-ஐயும் சேர்த்த மாத்திரைக்குக் காப்புரிமை பெற்றது, சந்தைக்குக் கொண்டுவரவில்லை. இரத்தத்தில் அளவு குறைவது உண்மை. ஆனால் இரத்தத்தில் க்யூ10 பயணம் செய்வதே எல்.டி.எல். கொலஸ்ட்ரால் துகள்களில்தான், துகள்கள் குறைந்தால் அதில் ஏறிப்போவதும் குறையத்தானே செய்யும். தசைக்குள் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

சோதனைகளோ முரண்படுகின்றன. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பயன் இல்லை என்றது. 2018-இல் வந்த இன்னொன்று வலி குறைகிறது என்றது. இவற்றைவிடத் தெளிவைத் தந்தவை வேறு வகையான இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவில் பெத் டெய்லர் குழுவினர், ஸ்டாட்டினால் தசை வலி வருகிறது என்று சொன்ன 120 பேருக்கு மாத்திரை எது என்று சொல்லாமல் ஸ்டாட்டினையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் மட்டும் வலி வந்தவர்கள் 36 சதவீதம்தான். அவர்களுக்கு 600 மி.கி. க்யூ10 கொடுத்தபோதும் வலி குறையவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு இன்னும் நுட்பமானது. தொந்தரவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு ஓராண்டுக்கான பாட்டில்கள் தரப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெறும் மாத்திரை, நான்கு காலி. தினமும் தொந்தரவைக் கைபேசியில் மதிப்பெண்ணாகப் பதிவு செய்தார்கள். காலிப் பாட்டில் மாதங்களில் சராசரி 8, வெறும் மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. தொந்தரவு பொய்யல்ல; அவர்கள் அதை உண்மையிலேயே உணர்ந்தார்கள். ஆனால் அதில் 90 சதவீதம் "மாத்திரை போடுகிறோம்" என்பதிலிருந்தே வந்தது. தங்கள் மதிப்பெண்களைப் பார்த்த பிறகு பாதிப் பேர் ஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்கினார்கள். மாரடைப்பு வந்தவர் ஸ்டாட்டினை நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஆய்வின் அருமை புரியும். வலி இருப்பவர் தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனை செய்து, மருந்தின் அளவையோ வகையையோ மாற்றிக்கொள்வது நல்ல வழி.

மூளை நோய்களில் நடந்தது மனத்தைக் கனக்கச் செய்யும் கதை. பார்க்கின்சன் நோயில் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் தொகுதி பழுதாவது தெரிந்த செய்தி. 2002-இல் 80 பேரிடம் நடந்த சிறிய சோதனையில் 1,200 மி.கி. எடுத்தவர்களின் நோய் மெதுவாக முற்றியதாகத் தெரிந்தது. நோயாளிகளும் குடும்பங்களும் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். 600 பேரைக் கொண்ட அடுத்த சோதனை 2,400 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தது; பயன் வர வாய்ப்பே இல்லை என்று இடையில் நிறுத்தப்பட்டது. அந்த முடிவு 2014-இல் வெளிவந்தது. ஹண்டிங்டன் நோயில் 609 பேரிடம் நடந்த சோதனைக்கும் அதே கதி. சிறிய சோதனையின் இனிய முடிவைப் பெரிய சோதனை புரட்டிப்போடுவது இந்தத் துறையில் பழகிப்போன காட்சி. கியூ-சிம்பையோ முடிவைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: மாத்திரை இரத்தத்தில் அளவைக் கூட்டுகிறது, மூளைக்கும் தசைக்கும் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கு 2005-இல் 42 பேரிடம் நடந்த ஆய்வில், தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், மற்றவர்களில் ஏழில் ஒருவர். ஆய்வு சிறியது, முயன்று பார்க்கத் தகுந்தது என்ற அளவில் அமெரிக்க நரம்பியல் வழிகாட்டி 2012-இல் இதைச் சேர்த்துக்கொண்டது. இரத்த அழுத்தத்துக்குப் பொருட்படுத்தும்படியான பயன் இல்லை என்று 2016 காக்ரேன் மதிப்பாய்வு முடித்துவிட்டது. ஆண்களின் விந்தணு இயக்கம் சற்று மேம்படுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. தம்பதிக்கு வேண்டியது குழந்தை, அந்தக் கணக்கில் ஆதாரம் இன்னும் வரவில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் களைப்புக்கு 236 பெண்களிடம் 300 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள், 2013-இல் வந்த முடிவு, வித்தியாசமில்லை.

இப்போது புதிதாகச் சந்தைக்கு வந்திருப்பவை என்.எம்.என்., என்.ஆர். என்ற பொருள்கள். இரண்டும் உடம்பில் என்.ஏ.டி.யாக மாறுகின்றன; இளமை திரும்பும் என்று விற்கப்படுகின்றன. இரத்தத்தில் என்.ஏ.டி. உயர்கிறது என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல்? சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 25 பெண்களிடம் பத்து வாரம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், என்.எம்.என். எடுத்தவர்களின் தசை இன்சுலினுக்கு மேலும் நன்றாக இணங்கியது. எடையிலும் இரத்தச் சர்க்கரையிலும் மாற்றமில்லை. உடல் பருமன் உள்ள 40 ஆண்களிடம் 12 வாரம் தினம் 2,000 மி.கி. என்.ஆர்.-ஐ வெறும் மாத்திரையோடு ஒப்பிட்ட டேனிஷ் ஆய்வில் அந்த இணக்கமும் கிடைக்கவில்லை. எலியில் கண்டதை மனிதரிடம் இன்னும் காணவில்லை. இதற்கு மாதம் பல ஆயிரம் செலவழிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

க்யூ10 எடுப்பதென்றே முடிவு செய்தவர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இது தண்ணீரில் கரையாது. பொடியாக அடைத்ததைவிட எண்ணெயில் கரைத்த கேப்சூல் பெரும்பாலும் நன்றாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் அல்லாமல், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். பெரிய அளவை ஒரே வேளையில் விழுங்குவதைவிடப் பிரித்து எடுப்பது மேல். பக்கவிளைவு என்று பார்த்தால் வயிற்றுக் கோளாறு, சிலருக்குத் தூக்கமின்மை; அவ்வளவே. ஆனால் இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. க்யூ10-இன் வேதியியல் அமைப்பு வைட்டமின் கே-யை ஒத்தது; வார்ஃபரினின் வீரியம் குறைந்து இரத்தம் உறையும் அபாயம் உண்டு. தொடங்கினால் இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.

மிச்சமிருப்பது கடைக்கு வரும் பெரும்பாலோரின் கேள்வி: வெறும் களைப்பு. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை; தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அவர்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகவே ஆளில்லை. அங்கே எலெக்ட்ரானைக் கைமாற்ற க்யூ10 கூடுதலாக இருந்து என்ன ஆகும்? ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதோடு தைராய்டும், சர்க்கரையும், கிரியாட்டினினும் பார்த்துவிட்டால் களைப்புக்கான காரணம் பலருக்குப் பிடிபட்டுவிடும். பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். அது உடம்பில் இரண்டு துணைநொதிகளாகிறது. அவற்றில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே வேலை செய்கிறது. பாலும் தயிரும்கூடக் குறைவாகச் சேர்க்கும் சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அது குறைவது வழக்கம். கால் எரிச்சல், மரமரப்பு, மறதி, அசதி என்று வந்து நிற்பார்கள். பி12 ஊசியோ மாத்திரையோ சில மாதங்கள் கொடுத்தால், நரம்பு நிரந்தரமாகப் பழுதாவதற்கு முன் அவர்களில் பலரை மீட்டுவிட முடியும்.